ஒத்துக்கொள்ளும்வரை விசாரணை

(கடையநல்லூரில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)

கடையநல்லூரில் பஸ் ஏறி, தென்காசி, கடையம் வழியாகப் போனால் அம்பாசமுத்திரம் அப்படியொன்றும் தூரமில்லை. 2023 மார்ச்சில் அந்த ஊரின் பெயர் நாடு முழுக்கச் செய்திகளில் வந்தது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையங்களுக்கு விசாரணைக்காகக் கூட்டிச் செல்லப்பட்ட இளைஞர்களின் பற்கள் பிடுங்கப்பட்டதாக, அப்போது அங்கே உதவிக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பல்வீர் சிங் மீது புகார் எழுந்தது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதா விசாரித்தார். வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனது. புகார் உண்மையா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் வந்த ஒரு செய்தியைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர், வருவாய்த் துறை அதிகாரியின் முதல் விசாரணையில், தான் கீழே விழுந்ததில் பல் போனதாகச் சொன்னார் என்பதே அது. ஸ்டேஷனில் நடந்தது எதுவானாலும், அதே ஸ்டேஷன் இருக்கும் ஊரில்தான் அவர் மறுநாளும் குடியிருக்க வேண்டும். பயம் ஒரு மனிதனை ‘நான்தான் செய்தேன்’ என்றும் சொல்ல வைக்கும், ‘எனக்கு எதுவும் நடக்கவில்லை’ என்றும் சொல்ல வைக்கும். போலீஸ் நெருக்கடியில் பெற்ற ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றம் ஏற்கலாமா என்ற கேள்வியை இங்கிருந்து தொடங்குவதே சரி.

இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லி நூற்றறுபது வருஷம் ஆகிறது. அந்தப் பதிலுக்குக் காரணமாக இருந்தவர்கள் நம்முடைய மாகாணத்துக் குடியானவர்கள். 1854-இல் லண்டன் நாடாளுமன்றத்தில் சென்னை மாகாணத்துச் சித்திரவதை பற்றிக் கேள்வி எழுந்தது. கும்பினி அரசு மூன்று பேர் கொண்ட ஓர் ஆணையத்தை அமைத்தது. 1855-இல் வந்த அதன் அறிக்கையில் நமக்குப் பழக்கமான சொற்கள் ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. விரல்களை மரக்கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் ‘கிட்டி’, கயிற்றைக் கழுத்திலும் கால்விரலிலும் மாட்டி ஆளைக் குனியவைத்துக் கட்டும் ‘அண்ணாந்தாள்’ இரண்டும் அதில் உண்டு. நெடுந்தூரம் நடந்து வந்து முறையிட்டவர்களும் கடிதம் போட்டவர்களுமாக ஆயிரத்துக்கும் அதிகமான புகார்கள் ஆணையத்துக்கு வந்து சேர்ந்தன. அப்போது நிலவரி வசூலிப்பவரும் போலீஸ் வேலை பார்ப்பவரும் ஒரே தாசில்தாரின் சேவகர்கள். கிஸ்தி பாக்கிக்கும் அதே கிட்டி, திருட்டுக் குற்றத்துக்கும் அதே கிட்டி. கார்ல் மார்க்ஸ் 1857-இல் ஒரு நியூயார்க் நாளிதழில் இந்த அறிக்கையை வைத்தே கட்டுரை எழுதினார்.

அறிக்கைக்குப் பிறகு, 1859-இல், சென்னைக்கெனத் தனிக் காவல் சட்டம் வந்தது. 1861-இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது என்றது. 1872-இல் ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய சாட்சியச் சட்டத்தில் அதுவே 25-ஆம் பிரிவானது. இந்தியாவில் போலீஸ் ஏன் அடிக்கிறது என்று ஸ்டீபன் விசாரித்தபோது ஓர் அதிகாரி சொன்ன காரணத்தை அவர் பின்னால் எழுதிவைத்தார். வெயிலில் அலைந்து சாட்சியம் தேடுவதைவிட, நிழலில் உட்கார்ந்து ஓர் ஏழையின் கண்ணில் மிளகாய்ப்பொடி தேய்ப்பது சுகமான வேலை என்பது அதன் சாரம். அந்த அதிகாரி கொடூரத்தைக் காரணமாகச் சொல்லவில்லை, சோம்பலைச் சொன்னார். இன்றைக்கும் அவர் சொன்னதில் திருத்த அதிகம் இல்லை.

2024 ஜூலை 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் இருக்கிறது. மிரட்டியோ ஆசை காட்டியோ வாங்கிய ஒப்புதல் செல்லாது என்பது அதில் 22-ஆம் பிரிவு. போலீஸிடம் கொடுத்தது எப்படிக் கொடுத்ததானாலும் செல்லாது என்பது 23-ஆம் பிரிவு. பெயரும் எண்ணும் மாறின, விதி மாறவில்லை.

அப்படியானால் போலீஸ் ஏன் இன்னும் அடிக்கிறது? செல்லாத ஒரு காகிதத்துக்காக யாராவது இவ்வளவு சிரமப்படுவார்களா?

2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்ததில் இதற்கு விடை இருக்கிறது. பத்ரகாளியம்மன் கோயில் காவலாளி அஜித்குமார். கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தின் காரிலிருந்து நகை காணாமல் போனதாகப் புகார். தனிப்படை போலீஸார் அவரைக் கூட்டிப்போய், பிறகு கோயிலுக்குப் பின்னால் உள்ள ஒரு கொட்டகையில் வைத்து அடித்தார்கள். அடிக்கும் காட்சி ஒருவர் எடுத்த வீடியோவில் வெளியே வந்தது. ஜூன் 28 அன்று அஜித்குமார் இறந்துபோனார். உடலில் நாற்பதுக்கும் அதிகமான காயங்கள் என்றது பிரேதப் பரிசோதனை. சாதாரணக் கொலைகாரன்கூட இப்படி அடித்திருக்க மாட்டான் என்ற பொருளில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பேசியது. போலீஸார் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

அந்தக் கொட்டகையில் யாரும் ‘ஒப்புதல் வாக்குமூலம்’ கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டது ‘நகை எங்கே?’ என்பதாகத்தான் இருக்கும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, அதாவது இன்றைய 23-ஆம் பிரிவின் கடைசியில் ஒட்டியிருக்கும் விதிவிலக்கு, இந்தக் கேள்விக்குத்தான் விலை வைக்கிறது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு அவர் சொன்னது செல்லும். 1946-இல் பிரிவி கவுன்சில் புலுகுரி கோட்டய்யா வழக்கில் இதற்கு எல்லை கட்டியது. ‘கத்தியை வைக்கோல் போரில் ஒளித்துவைத்தேன்’ என்பது செல்லும், ‘அந்தக் கத்தியால் குத்தினேன்’ என்பது செல்லாது. சட்டப் புத்தகத்தில் நேர்த்தியான கோடுதான். தமிழ்நாட்டுக் குற்ற வழக்குகளின் கோப்புகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடு எப்படிப் பயன்படுகிறது என்று தெரியும். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் வாக்குமூலம், அதில் ‘ஏற்கத்தக்க பகுதி’ என்று நாலு வரி, அந்த நாலு வரிக்கு ஒரு பறிமுதல் மகஜர், மகஜருக்கு அதே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. கொலை வழக்கில் அரிவாளும், திருட்டு வழக்கில் செயினும், சொல்லிவைத்தாற்போல் முள்புதரிலிருந்து வரும்.

பொருள் கிடைத்துவிட்டதால் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும் என்பது இந்த விதிவிலக்கின் நியாயம். பொருளைப் போலீஸே வைத்து எடுத்தால்? அல்லது அடி தாங்காதவன் தன் வீட்டு நகையையே அடகுக் கடையில் காட்டி ‘இதுதான்’ என்று சொன்னால்? சட்டம் போலீஸிடம், ‘நீ வாங்கிய ஒப்புதல் எனக்கு வேண்டாம், ஆனால் அதைக்கொண்டு ஒரு பொருளை எடுத்துவந்தால் வாங்கிக்கொள்கிறேன்’ என்கிறது. திருட்டு நகையை வாங்கமாட்டேன், உருக்கிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் திருட்டு குறையுமா?

1993-இல் கடலூர்ப் பக்கம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு காணாமல் போன நகைக்காகவே கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடிபட்டுச் செத்தார். அவர் மனைவி பார்வதி நடத்திய நீதிமன்றப் போராட்டத்தை ‘ஜெய் பீம்’ படத்தின் மூலம் பலரும் அறிவார்கள். முதனைக்கும் மடப்புரத்துக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம். இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்.

சினிமாவைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி ஆந்திரத்துக் குண்டூரில் தான் பட்ட அடியை ‘லாக்கப்’ என்று எழுதினார். வெற்றிமாறன் அதை ‘விசாரணை’ ஆக்கினார். தியேட்டரில் கண் கலங்கினோம். திருநெல்வேலியைக் களமாகக் கொண்ட ‘சாமி’ படத்தில் விக்ரம் ரவுடிகளைப் புரட்டியபோது விசிலடித்ததும் இதே ஜனங்கள்தான். கைதானவருக்கு மாவுக்கட்டு போட்ட படம் பத்திரிகையில் வந்தால் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்துட்டார்’ என்று சிரித்துப் பகிர்கிறோம். காவல் நிலையக் கழிவறைகள் கைதிகளுக்கு மட்டும் ஏன் வழுக்குகின்றன என்று உயர்நீதிமன்றமே கேட்கும்படி ஆகிவிட்டது. போலீஸ் அடிக்கிறது என்றால், அடிக்கச் சொல்லிக் கைதட்டுகிறவர்களில் நாமும் இருக்கிறோம்.

இன்னொரு வழியும் நம் ஊர்களுக்கே உரியது. போலீஸிடம் சொன்னால்தானே செல்லாது, கிராம நிர்வாக அலுவலரிடம் சொன்னால்? தமிழ்நாட்டுக் கொலை வழக்குகளில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். குற்றம் செய்தவர் சில நாள் தலைமறைவாக இருந்துவிட்டு, திடீரென மனம் திருந்தி, முன்பின் தெரியாத வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போய்ச் சரணடைந்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லுவார். வி.ஏ.ஓ. எழுதிக் கையெழுத்து வாங்கி, ஆளையும் காகிதத்தையும் ஸ்டேஷனில் ஒப்படைப்பார். இது போலீஸுக்கு வெளியே கொடுத்த ஒப்புதல் என்பதால் தடை இல்லை. பழைய கிராம முன்சீப்புகள் இருந்த காலத்தில், போலீஸ் விசாரணை தொடங்கிய பிறகு அவர்கள் ஒப்புதல் எதையும் எழுதக்கூடாது என்று சென்னைக் குற்றவியல் விதிகள் தடுத்திருந்தன. 1980-இல் முன்சீப் பதவி ஒழிந்தது. வி.ஏ.ஓ. அந்த முன்சீப் அல்ல, எனவே அந்தத் தடை அவருக்குப் பொருந்தாது என்ற வாதம் உச்சநீதிமன்றம்வரை போய் 2005-இல் ஜெயித்தும் விட்டது. முன்பின் அறியாதவரிடம் ஒருவர் எதற்காகப் போய்க் கொலையை ஒத்துக்கொள்கிறார் என்று கேட்டு இத்தகைய ஒப்புதல்களைத் தள்ளிய தீர்ப்புகளும் உண்டு. ஆனால் அப்படித் தள்ளுவதற்குள் ஆள் பல வருஷம் உள்ளே இருந்திருப்பார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய திறப்பு பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டம். 1987-இல் வந்த அதன் 15-ஆம் பிரிவு, காவல் கண்காணிப்பாளர் தகுதியுள்ள அதிகாரி எழுதிய ஒப்புதலை நேரடிச் சாட்சியமாக்கியது. எஸ்.பி. என்றால் அடிக்க மாட்டார், பொய் எழுத மாட்டார் என்ற நம்பிக்கை. 1994-இல் கர்த்தார் சிங் வழக்கில் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் மூவர் அந்தப் பிரிவு செல்லும் என்றனர், இருவர் மறுத்தனர்.

1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். ஜோலார்பேட்டை இளைஞர் பேரறிவாளன் ஜூன் 11 அன்று பிடிபட்டபோது அவருக்கு வயது பத்தொன்பது. அவர் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, இரண்டு ஒன்பது வோல்ட் பேட்டரிகளை வாங்கிக் கொடுத்தது. அந்த பேட்டரிகள் எதற்கு என்று தெரிந்துதான் வாங்கினாரா என்பதில் அவருடைய உயிர் தொங்கியது. அதற்கான விடை சி.பி.ஐ.யின் எஸ்.பி. தியாகராஜன் எழுதிய ஒப்புதல் வாக்குமூலத்தில் இருந்தது. 1998 ஜனவரி 28 அன்று பூந்தமல்லி தடா நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே 11 அன்று உச்சநீதிமன்றம் பத்தொன்பது பேரை விடுவித்து, மூவருக்கு ஆயுளும் நால்வருக்குத் தூக்கும் விதித்தது. நால்வரில் பேரறிவாளன் ஒருவர். இந்தத் தீர்ப்பில் சாமானியருக்கு விளங்காத ஒரு முடிச்சு உண்டு. தடாச் சட்டப்படியான குற்றம் எதுவும் இதில் நிரூபணமாகவில்லை என்று நீதிமன்றமே சொன்னது. ஆனாலும் தடாச் சட்டத்தால் மட்டுமே செல்லுபடியாகிற ஒப்புதல்களை, கொலைக் குற்றத்தை நிரூபிக்க எடுத்துக்கொண்டது.

2013 நவம்பரில், ஓய்வுபெற்றிருந்த தியாகராஜன் ஓர் ஆவணப்படத்தில் பேசினார். பேட்டரி எதற்கு என்று தனக்குத் தெரியாது எனப் பேரறிவாளன் சொன்னதாகவும், அதைத் தான் வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாகவும் சொன்னார். எழுதியிருந்தால் அது ஒப்புதலாக இருந்திருக்காது அல்லவா? பின்னர் 2017-இல் உச்சநீதிமன்றத்தில் பிரமாணப் பத்திரமாகவும் அதைத் தாக்கல் செய்தார். தான் சித்திரவதை செய்யப்பட்டதாகப் பேரறிவாளன் தொடர்ந்து சொல்லிவந்தார். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், ஒரு வாக்கியம் விடுபட்டதே ஒரு மனிதனைத் தூக்குமேடை வாசலில் நிறுத்தப் போதுமானதாக இருந்தது. 2014 பிப்ரவரி 18 அன்று, கருணை மனு தாமதமானதைக் காரணம் காட்டித் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. 2022 மே 18 அன்று உச்சநீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரை விடுவித்தது. நிரபராதி என்று சொல்லி விடுவிக்கவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. வாக்குமூலத்தில் விடுபட்ட அந்த வரிக்கு எந்த நீதிமன்றமும் கடைசிவரை விடை சொல்லவில்லை. அவருடைய தாய் அற்புதம்மாள் முப்பது வருஷத்துக்கு மேல் ஊர் ஊராக அலைந்தது அந்த வரிக்காகவும்தான்.

தடா 1995-இல் காலாவதியானது. 2002-இல் பொடா வந்து அதே வழியைத் திறந்தது. குஜராத் அக்‌ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் பொடா ஒப்புதல்களை நம்பித் தண்டிக்கப்பட்ட ஆறு பேரையும் 2014 மே 16 அன்று உச்சநீதிமன்றம் விடுவித்தது. அன்றைக்கு நாடே தேர்தல் முடிவைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தச் செய்தி யார் கண்ணிலும் படவில்லை. மகாராஷ்டிரத்தின் திட்டமிட்ட குற்றத் தடுப்புச் சட்டமான மோக்காவில் அந்த வழி இன்றும் திறந்தே கிடக்கிறது. 2006 ஜூலை 11 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் ஐவருக்குத் தூக்கும் எழுவருக்கு ஆயுளும் கிடைத்திருந்தன. 2025 ஜூலை 21 அன்று பம்பாய் உயர்நீதிமன்றம் பன்னிரண்டு பேரையும் விடுவித்தது. வெவ்வேறு அதிகாரிகள் வெவ்வேறு நாளில் எழுதியதாகச் சொல்லப்பட்ட ஒப்புதல்களில் பல பகுதிகள் வார்த்தை மாறாமல் ஒன்றாக இருந்ததை நீதிபதிகள் சுட்டிக்காட்டினார்கள். மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்மாதிரியாகக் கொள்ளத் தடை விதித்திருக்கிறது, ஆனால் விடுதலையானவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பவில்லை. அந்த ரயில்களில் செத்துப்போனவர்களின் குடும்பங்களுக்கு, பத்தொன்பது வருஷம் கழித்து, குண்டு வைத்தது யார் என்று தெரியாது. அடித்து வாங்கும் ஒப்புதலால் நஷ்டப்படுவது கைதானவர் மட்டுமில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் 1979-இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும் இதே வழியைத் திறந்தது. நல்லரட்ணம் சிங்கராசா தமிழ் மட்டுமே அறிந்தவர். 1993-இல் கைதானவரின் கைநாட்டு, சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலில் இருந்தது. அது விருப்பமில்லாமல் கொடுத்தது என்று நிரூபிக்கும் பொறுப்பையும் சட்டம் அவர் தலையிலேயே வைத்தது. ஐம்பது வருஷத் தண்டனை, மேல்முறையீட்டில் முப்பத்தைந்தானது. 2004-இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை இல்லை என்றது. இலங்கை உச்சநீதிமன்றம் அந்தக் கருத்துக்குக் கட்டுப்பட மறுத்தது.

போலீஸ் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு, அதைக் கேட்காமல் போவது சரியில்லை. சாட்சிகள் கூண்டில் ஏறியதும் பிறழ்கிறார்கள். தடய அறிவியல் அறிக்கை வர மாதக்கணக்காகிறது. இன்ஸ்பெக்டர் காலையில் திருவிழா பந்தோபஸ்து, மாலையில் வி.ஐ.பி. பந்தோபஸ்து என்று நிற்கிறார், நடுவில்தான் விசாரணை. நகையைப் பறிகொடுத்தவர் தினம் வந்து நிற்கிறார், மேலதிகாரி ‘என்னய்யா ஆச்சு’ என்கிறார். இங்கிலாந்தில் போலீஸிடம் சொன்னது செல்லுகிறதே, நம் போலீஸை மட்டும் ஏன் 1872-இலிருந்து நம்ப மறுக்கிறீர்கள் என்று நல்ல அதிகாரிகளே கேட்கிறார்கள். 2003-இல் குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்கான மலிமத் குழு, எஸ்.பி. தகுதி அதிகாரி ஒலி, ஒளிப்பதிவோடு எடுக்கும் ஒப்புதலை எல்லா வழக்கிலும் ஏற்கலாம் என்று பரிந்துரைத்ததும் இந்த வாதத்தின் மேல்தான்.

இங்கிலாந்து அந்த நம்பிக்கையைச் சும்மா கொடுக்கவில்லை. 1974 பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பில் ஆறு பேர் அடிபட்டு, அவர்களில் நால்வர் ஒத்துக்கொண்டு, ஆறு பேரும் ஆயுள் தண்டனை பெற்று, 1991-இல்தான் வெளியே வந்தார்கள். இன்னொரு வழக்கில் சிறுவர்கள் கொடுத்த பொய் ஒப்புதல் அம்பலமானதும் ராயல் கமிஷன் அமைந்து, 1984-இல் புதுச்சட்டம் வந்தது. அதன்படி, கைதி கேட்டால் வக்கீல் பக்கத்தில் இருக்க வேண்டும், பேச்சு பதிவாக வேண்டும், விசாரிப்பவரும் கைதியைப் பராமரிப்பவரும் வேறு வேறு அதிகாரிகளாக இருக்க வேண்டும். ஒப்புதல் அழுத்தத்தால் வந்ததல்ல என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிப்பது அரசுத் தரப்பின் வேலை. இவற்றில் எதுவும் தடாவில் இல்லை, மோக்காவிலும் இல்லை. ஜப்பானில் வக்கீல் இல்லாத நீண்ட விசாரணைதான் வழக்கம். 1966-இல் கைதான இவாவோ ஹகமாடா இருபது நாள் விசாரணைக்குப் பின் நாலு கொலைகளை ஒத்துக்கொண்டார். அவரிடம் எடுத்த நாற்பத்தைந்து வாக்குமூலங்களில் நாற்பத்து நான்கை நீதிமன்றம் தள்ளியது, மிச்சமிருந்த ஒன்றை ஏற்றுத் தூக்கு விதித்தது. 2024 செப்டம்பர் 26 அன்று, எண்பத்தெட்டாவது வயதில், நிரபராதி என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே 1872-இன் தடை அப்படியே இருக்க வேண்டும். ‘காலத்துக்கு ஒவ்வாத அவநம்பிக்கை’ என்று அதைத் தளர்த்தக் கேட்பவர்கள் மடப்புரத்துக்கு ஒரு நடை போய்வரலாம். இன்றைய அவசரம் தடையைத் தளர்த்துவது இல்லை, அதன் வாலில் தொங்கும் கண்டெடுப்பு விதிவிலக்கை இறுக்குவது. வக்கீல் முன்னிலையில், விடாமல் ஓடும் ஒளிப்பதிவில், உடனடி மருத்துவப் பரிசோதனையோடு வந்த தகவலாக இல்லாவிட்டால் அரிவாளானாலும் செயினானாலும் சாட்சியமாகக் கூடாது. கேமரா வசதி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியும் சேர்ந்து பதிவாகும் கேமரா வைக்க உத்தரவிட்டுவிட்டது. அதே வருஷம் ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் அடிபட்ட இரவில் அங்கேயும் கேமரா இருந்தது. பதிவு தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததைக் கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் கண்டுபிடித்தார். பதிவு அழிந்தால் வழக்கும் விழும் என்று சட்டம் சொன்னால், பதிவை யாரும் அழிக்க மாட்டார்கள்.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை உறுதி செய்யவில்லை. சித்திரவதையால் வந்த வாக்குமூலத்தை எந்த நடவடிக்கையிலும் பயன்படுத்தக்கூடாது என்பது அதன் 15-ஆம் ஷரத்து. 2017-இல் சட்ட ஆணையம் தனிச் சட்டமே வரைந்து கொடுத்தது, அதுவும் அலமாரியில் கிடக்கிறது.

டெல்லி அசையும்வரை காத்திருக்காமல் இங்கேயே, ஏதாவதொரு ரிமாண்ட் வேளையில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கைதானவரை நடுவர் முன் நிறுத்தும்போது ‘போலீஸ் அடித்தார்களா?’ என்று கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வி கேட்கும் நேரத்தில் கூட்டிவந்த போலீஸ்காரர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார். ‘இல்லைங்கய்யா’ என்ற பதிலும் எழுதப்பட்டுவிடும். ஒப்புதல் வாக்குமூலம் பதிவு செய்யும் நடுவர்கள் போலீஸை வெளியே அனுப்பிவிட்டு, யோசிக்க அவகாசம் கொடுத்து, ‘ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை, மறுத்தால் போலீஸ் காவலுக்குத் திரும்ப அனுப்ப மாட்டேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொடுகிறார்கள். அதே வழக்கத்தை ரிமாண்டிலும் கொண்டுவரப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை. போலீஸ்காரரை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு, இலவச சட்ட உதவி வக்கீலைப் பக்கத்தில் நிறுத்தி, சட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னால் போதும்.